மண்ணிலும் சேற்றிலும் ஓட்டிய ஆர்சி காரைத் தண்ணீரில் கழுவலாமா?

ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சிறிய கார், வந்த பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கிறதே, ஓட்டி முடித்ததும் குழாயடியில் காட்டிக் கழுவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவலாம். ஆனால் பெரும்பாலான நாட்களில் அதற்குத் தேவையே இருக்காது. ஒவ்வொரு முறையும் காரைப் பளபளவென்று கழுவி வைப்பவர்கள்தான் அடிக்கடி பேரிங் வாங்குகிறார்கள் என்பது நான் பார்த்தவரையில் உண்மை.

பெட்டியில் உள்ள அந்த உறுதிமொழி ஸ்பீட் கன்ட்ரோலர், சர்வோ, ரிசீவர் போன்ற மின்னணுப் பாகங்களுக்குத்தான். சக்கரத்தையும் ஆக்சிலையும் தாங்கும் சின்னச் சின்ன பேரிங்குகள் பெரும்பாலும் எஃகினால் ஆனவை. ஈரத்தோடு அப்படியே அலமாரியில் வைத்துவிட்டால் ஓரிரு நாளிலேயே துரு எட்டிப் பார்க்கும். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கரகரவென்று கேட்டால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் சூடு தணியும்வரை சார்ஜ் செய்ய வேண்டாம். சில நாட்களுக்கு ஓட்டப் போவதில்லை என்றால் செல் ஒன்றுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். 4.2 வோல்ட் முழு சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் அதன் ஆயுள் குறையும், உப்பவும் தொடங்கும். உப்பிய பேட்டரியை மீண்டும் காரில் மாட்டவே கூடாது.

காய்ந்த புழுதிக்குத் தண்ணீர் வேண்டாம். பெயிண்ட் அடிக்கும் சிறிய பிரஷ் ஒன்றும் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றும் போதும். புழுதிமேல் தண்ணீர் பட்டால் அது சேறாகி, இதுவரை போகாத இடுக்குகளுக்கெல்லாம் போய்ச் சேரும். காற்று அடிக்கும் கருவி இருந்தால் வசதிதான். ஆனால் பேரிங்கின் வாய்க்கு நேராகப் பீய்ச்சாதீர்கள், வெளியே இருக்கும் மணல் உள்ளே போய்விடும்.

ஈரச் சேறு வேறு விஷயம். மணல் கலந்த சேறு என்றால் நான் காயவிட்டுத் தட்டி உதிர்ப்பேன். களிமண் காய்ந்தால் கல்லாகிவிடும், அதை ஈரமாக இருக்கும்போதே அலசிவிட வேண்டும். மெல்லிய நீர் வரத்து போதும். அழுத்தத்தோடு பீய்ச்சும் கருவியைக் கொண்டுவந்தால் எந்த ரப்பர் அடைப்பும் தாங்காது. கடற்கரையில் ஓட்டியிருந்தால் மட்டும் யோசிக்க இடமில்லை. உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். கடற்கரைக்குக் காரைக் கொண்டுபோகாமலே இருப்பது இன்னும் நல்லது என்பேன், ஆனால் அந்த ஆசையை அடக்குவது கடினம் என்பதும் தெரியும்.

அலசுவது ஐந்து நிமிட வேலை. உண்மையான வேலை அதற்குப் பிறகு. காரைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள், துணியால் ஒற்றுங்கள், காற்று அடியுங்கள். சக்கரங்களைக் கழற்றினால்தான் ஹெக்ஸுக்கு, அதாவது சக்கரம் பொருந்தும் அறுகோணத் துண்டுக்குப் பின்னால் தேங்கிய நீர் தெரியும். டபிள்யூடி-40 ஸ்பிரே ஈரத்தை விரட்டும். ஆனால் பேரிங்குக்கு அதுவே மசகு என்று நினைத்துவிடக் கூடாது. அது சீக்கிரம் போய்விடும், எனவே காய்ந்ததும் பேரிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஷாக் அப்சார்பரின் ரப்பர் வளையங்களில் அந்த ஸ்பிரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாக்கின் தண்டில் ஒட்டிய மண்ணைத் துடைத்த பிறகே அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் மணல் வளையத்தைக் கீறி, எண்ணெய் கசியத் தொடங்கும்.

டயருக்குள் இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வெளியே ஒன்றும் காட்டாது. அடுத்த முறை வேகமெடுக்கும்போது கார் உதறினால் காரணம் பெரும்பாலும் அதுதான். டயரின் தரைபடும் பகுதியில் இரண்டு சிறு துளைகள் போட்டால் சுழலும் வேகத்திலேயே நீர் வெளியே தெறித்துவிடும்.

வெளியே தெரியும் பினியன் (மோட்டாரில் உள்ள சிறு பற்சக்கரம்), ஸ்பர் (அது சுழற்றும் பெரிய பற்சக்கரம்) கியர்களில் கிரீஸ் பூச வேண்டாம். மணல் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாளைப் போல் பற்களைத் தின்றுவிடும். இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும், உறை மூடிய டிஃபரன்ஷியலுக்கு உள்ளேதான் கிரீஸுக்கும் சிலிக்கான் எண்ணெய்க்கும் இடம். பினியன், ஸ்பர் கியர்களின் மேல் உறை இருந்தால் அதைத் திறந்து சிறு கல் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரே ஒரு கல் போதும், பிளாஸ்டிக் ஸ்பர் கியரின் பற்கள் மொத்தமாகப் போய்விடும்.

பிரஷ் ஓடும்போதே கை தானாகச் சோதனையும் செய்யட்டும். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஸ்க்ரூக்களை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூ அடிக்கடி தளர்ந்தால் ஸ்க்ரூ தளராமல் பிடித்துவைக்கும் த்ரெட்லாக் பசை ஒரு துளி போடலாம். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு அது ஆகாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

மேல்மூடிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பாலிகார்பனேட் அதைத் தாங்காது. உள்ளே ஈரம் முழுவதும் போகும்வரை மூடியை மாட்டாமல், சக்கரங்கள் தரையில் படாதபடி சேஸியை ஏதாவது ஒரு கட்டையின் மேல் ஏற்றி வைத்துவிடுங்கள்.