முன்னாள் மாணவர் பணத்தில் டச் பேனல்: பாடத்தொகுப்போடு வாங்கலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வாங்க முன்னாள் மாணவர்கள் 1.80 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு விற்பனையாளர் 65 அங்குல டச் பேனல் (தொட்டு இயக்கும் பெரிய திரை), அதில் ஓடும் காணொளிப் பாடங்கள் அடங்கிய மூன்று ஆண்டுப் பாடத்தொகுப்பு, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1.78 லட்சம் என்கிறார். மாதக் கடைசிக்குள் பாதிப் பணம் அட்வான்ஸ் கொடுத்தால்தான் இந்த விலையாம். எனக்குத் தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் டீச்சர். பேனல் வாங்குவதில் தப்பில்லை, வாங்குங்கள். ஆனால் அட்வான்ஸ் வேண்டாம், பாடத்தொகுப்பும் வேண்டாம். இந்த மாதக் கடைசியில் போகிற விலை அடுத்த மாதக் கடைசியில் திரும்ப வரும். பள்ளிகளில் கணினியும் திரையும் பொருத்தி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்துவரும் இத்தனை வருடத்தில், ஒரு முறைகூட அந்தக் கெடு உண்மையாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள். பேனல் என்ன விலை, பாடத்தொகுப்பு என்ன விலை என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குவார். அவருக்கு லாபமே அந்தத் தொகுப்பில்தான். பேனலின் விலையை நீங்கள் நாலு கடையில் விசாரித்துவிடலாம், தொகுப்பின் விலையை யாரிடம் போய் விசாரிப்பீர்கள்?

அந்தத் தொகுப்பில் இருப்பதில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். அதை தீக்‌ஷா என்ற அரசின் இலவசக் கல்விச் செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். 2023-ல் பள்ளிக்கல்வித் துறை மணற்கேணி என்ற காணொளிப் பாடச் செயலியையும் வெளியிட்டது. இவை நம் பாடநூலை வைத்துத் தமிழில் செய்தவை. விற்பனையாளர் தருவதோ பல நேரம் வேறு பாடத்திட்டத்துக்குச் செய்து, மேலே தமிழ்க் குரல் ஒட்டியது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. அங்கே விற்கிற அதே தொகுப்பை ஆற்றைத் தாண்டி வந்து நம் கடலூர் மாவட்டத்திலும் விற்கிறார்கள். நம் பிள்ளை புத்தகத்தில் 'ஒளிச்சேர்க்கை' என்று படிக்கும்போது திரை 'போட்டோசிந்தசிஸ்' என்று பேசும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. மூன்று ஆண்டு முடிந்ததும் தொகுப்பு பூட்டிக்கொள்ளும். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பேனல் கெட்டுப்போய்விட்டது என்று ஏழு மாதமாகப் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள். போட்டுப் பார்த்தால், உரிமம் காலாவதியானது, புதுப்பிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு, கீழே ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான். முகப்புப் பொத்தானை அழுத்தி, பென் டிரைவைச் செருகினேன், படம் ஓடியது. பேனலுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த எண்ணுக்குப் பேசியபோது புதுப்பிக்கத் தொகை கேட்டார்களே தவிர, இது இல்லாமலும் பேனல் ஓடும் என்று அந்த ஆசிரியர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

தொகுப்பு இல்லாமல் என்ன நடத்துவது என்று யோசிப்பீர்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற, திரையிலேயே செய்துபார்க்கும் அறிவியல் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அதில் மின்சுற்று ஒன்றைத் திரையில் போடுங்கள். சுவிட்சைத் தட்டுவதற்கு முன், எந்த பல்பு எரியும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் தட்டுங்கள். தப்பாக எழுதியவன் ஏன் எரியவில்லை என்று தானாக எழுந்து வந்து கம்பியை மாற்றிப் பார்ப்பான். அடுத்த பீரியடில் நிஜ பேட்டரி, நிஜ பல்பு. காணொளியைப் போட்டுவிட்டு எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருக்கிற வகுப்புக்கு 1.78 லட்சம் தேவையில்லை, ஒரு டிவி போதும்.

பேனலை எந்த அறையில் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லியாக வேண்டும். ஆறு முதல் எட்டு வரை உள்ள அறை ஒன்றில் வையுங்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு சேர்ந்து உட்காரும் அறையில் வைக்கவே வேண்டாம். அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022 முதல் அங்கே அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று பிள்ளைகள் நிலைவாரியாகப் படிக்கிறார்கள். அங்கே பெரிய திரை வந்தால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பிவிடும். மலர்க் குழந்தை விடையைக் கத்தும், அரும்புக் குழந்தை அதைப் பாட்டு மாதிரித் திருப்பிச் சொல்லும், ஆசிரியை இருவருக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். நான் அப்படி ஒரு வகுப்பில் ஒரு காலை முழுதும் உட்கார்ந்திருந்தேன். 'ம' எழுதச் சொன்னால் எழுதத் தெரியாத பையன், திரையில் 'மரம்' வந்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். அந்த அறைக்கு அட்டையும் மணலும் புளியங்கொட்டையும்தான் சரி. கதை, பாட்டுக்கு மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை பேனல் இருக்கிற அறைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றுக்குத் தனித்தனி ஆசிரியர் இருந்தாலும் இதையேதான் சொல்வேன், ஏனென்றால் நிலை பிரிப்பு ஒரே வகுப்புக்குள்ளேயும் உண்டு.

மொத்தத் தொகையில் 30 ஆயிரத்தை மின்சாரத்துக்கு ஒதுக்குங்கள். உங்கள் பக்கம் தோப்புகளில் மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். தனி லைன், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), ஸ்டெபிலைசர், சரியான எர்த் இவை முதலில். பழைய கட்டடங்களில் எர்த் கம்பி சுவரோடு நின்றுவிடும், மண்ணுக்குப் போயிருக்காது. உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். 65 அங்குலப் பேனல் சுமார் 40 கிலோ இருக்கும். காரை உதிர்கிற சுவரில் ஆணி அடித்து மாட்ட விடாதீர்கள். சக்கர ஸ்டாண்டும் வேண்டாம், உருட்டிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியர் அறையில் நிறுத்திவிடுவார்கள். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சலும் நமக்குத் தெரியாததா? வெள்ளம் வந்தால் பள்ளிதான் முகாம். அதனால் பிளக் பாயின்ட் இடுப்புக்கு மேலே இருக்கட்டும்.

பணம் உங்கள் கைக்கே வர வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மூன்று கொட்டேஷன் வாங்கி, முன்னாள் மாணவர்களே கடைக்கு வங்கி வழியாகச் செலுத்தட்டும். பில் பள்ளியின் பெயரில், பேனலின் வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். மாட்டி, ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணம். வாரண்டி தயாரித்த நிறுவனத்துடையதா, விற்பவருடையதா என்று பாருங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணுக்கு வாங்குவதற்கு முன்பே பேசி, ஆள் பள்ளிக்கே வந்து பார்ப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இருப்புப் பதிவேட்டில் ஏற்றியதும் உங்களுக்கு ஒரு பயம் வரும். பிள்ளை கை பட்டு ஏதாவது ஆனால் தணிக்கையில் நம் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். எத்தனை நல்ல ஆசிரியர்கள் இந்த ஒரே காரணத்தால் பேனலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பயன்படுத்தித் தேய்ந்த பொருளையும் அலட்சியத்தால் உடைந்த பொருளையும் ஒரே கண்ணால் பார்த்துவிடுவார்களோ என்று நினைக்கிறார்கள். இன்னொரு பக்கம், வகுப்பு நடந்ததற்குப் போட்டோ எடுக்கும் வேலை. பேனல் முன் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கும் பத்து நிமிடத்தில் ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். நீங்கள் 'மாணவர்கள் தொட்டுப் பயன்படுத்தலாம்' என்ற வரியைத் தீர்மானத்திலேயே எழுதி, உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் யார் கேட்டாலும் காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.

சரி, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. அந்த விற்பனையாளரை ஒரு பேனலோடு பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணி, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். நெட்டை நிறுத்திவிட்டு, உங்கள் பென் டிரைவில் இருக்கிற ஏழாம் வகுப்புப் பாடப்பக்கத்தைத் திரையில் போடச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பிள்ளைகளை ஒரே நேரத்தில் திரையில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு அவர் ஒப்புக்கொண்டால் தொகுப்பைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். கொண்டுவர முடியாது, கடைக்கு வந்து பாருங்கள் என்றால், கடலூரிலும் விழுப்புரத்திலும் விசாரித்து வேறு கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள்.