ஹம்பிக்கும் பாதாமிக்கும் ஒரே லென்ஸ்

அன்புள்ள ஐயா,

டிசம்பர் இறுதியில் குடும்பத்துடன் ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே ஆகிய ஊர்களுக்குச் செல்கிறோம். என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் உள்ளன. 18-300 வாங்கிக்கொண்டால் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். கோயிலுக்குள் வெளிச்சம் இருக்காது, எஃப் 2.8 லென்ஸ்தான் வேண்டும் என்கிறார் நண்பர். அம்மாவும் குழந்தைகளும் உடன் வருவதால் வழியில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்? முக்காலி எடுத்துச் செல்லலாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

லென்ஸின் மேல் பொறித்திருக்கும் எண்களில் கடைக்காரர் ஒன்றையும் உங்கள் நண்பர் வேறொன்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் செல்லவிருக்கும் ஊர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இருவரும் பேசாத எண்ணை, அதாவது ஸூம் எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது என்பதை. அந்த எண் குறையக் குறையப் படத்துக்குள் விழும் காட்சி அகலும்.

காரணம் பாதாமியில் இருக்கிறது. சாளுக்கிய இளவரசன் மங்களேசன் குடைவித்து, கி.பி. 578இல் முடிக்கப்பட்ட மூன்றாம் குகைக்கோயிலின் முன்மண்டபத்தில் வராகரும், நரசிம்மரும், அனந்தன் மேல் அமர்ந்த திருமாலும் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கிறார்கள். அவர்களை முழுமையாகப் படத்துக்குள் கொண்டுவரப் பின்னால் நகர்ந்தால் தூணோ, படியின் விளிம்போ வந்துவிடும். தொலைவில் இருப்பதை எட்ட முடியாதபோது நான்கடி முன்னால் நடந்து சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் குகைக்குள் பின்னால் நடக்க இடம் கிடையாது. உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் 23.5 மில்லிமீட்டர் அகலம் கொண்டது என்பதால், நான்கு மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் 18 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 5.2 மீட்டர் அகலத்தைக் காட்டும். 16 மில்லிமீட்டரில் அது 5.9 மீட்டராகிவிடுகிறது. வெறும் இரண்டு மில்லிமீட்டர் என்று கடையில் தோன்றும் வித்தியாசம், மண்டபத்துக்குள் ஒரு தூண் படத்தில் இருப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இதே இரண்டு மில்லிமீட்டர் ஸூமின் மறுகோடியில் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இனி 300க்கு வருவோம். உங்கள் கேமராவில் அது, முழுச்சட்டகம் எனப்படும் பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவில் 450க்கு இணையானது. ஹம்பியை ஒட்டியுள்ள தரோஜி சரணாலயத்தில் கரடிகளைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இந்த எட்டல் உண்மையிலேயே உதவும். அந்தத் திட்டம் இருந்தால் நான் கீழே சொல்வதையெல்லாம் விட்டுவிட்டு 18-300ஐயே வாங்குங்கள். மதங்க மலையிலிருந்து கீழே அச்சுதராயர் கோயிலை எடுப்பதற்கோ, விருபாட்சர் கோபுரத்தின் மேல்நிலைச் சுதைகளை எடுப்பதற்கோ அவ்வளவு தேவைப்படாது. 140 வரை போகும் லென்ஸில் எடுத்த படத்தை 300 காட்டும் அளவுக்கு வெட்டினாலும் உங்கள் 24 மெகாபிக்சல் படத்தில் ஐந்து மெகாபிக்சலுக்குச் சற்றே கூடுதலாக மிஞ்சும். திரையில் பார்க்கவும் ஆல்பத்தில் ஒட்டவும் அது தாராளம். மேலும் இத்தகைய நீள ஸூம்கள் பலவற்றில் 300 என்பது தொலைவில் குவிக்கும்போது மட்டுமே 300; சில மீட்டர் தூரத்திலுள்ள சிற்பத்தைக் குவிக்கும்போது உள்ளேயுள்ள கண்ணாடிகள் இடம் மாறுவதால் காட்சிக்கோணம் விரிந்து, எட்டல் கணிசமாகக் குறைந்துவிடும். கடையில் தெருவைப் பார்த்துச் சோதிக்கும்போது இது தெரிவதே இல்லை. இவ்வகை லென்ஸ்கள் அகலக் கோடியில் நேர்க்கோடுகளை வெளிப்புறமாகப் பிதுக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டிலும் கடற்கரையிலும் அதை யாரும் கவனிப்பதில்லை. வரிசையாகத் தூண்கள் நிற்கும் மண்டபத்தில் அது முதல் பார்வையிலேயே உறுத்தும். கேமராவின் தானியங்கித் திருத்தம் பெரும்பாலானதைச் சரிசெய்துவிடும் என்பதால் இதை மட்டுமே வைத்து ஒரு லென்ஸை நான் ஒதுக்க மாட்டேன்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை, அதாவது அபெர்ச்சர், பெரிதாகும். எஃப் 5.6ஐவிட எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது என்பதால், ஒரு மண்டபத்துக்குள் நொடியில் எட்டில் ஒரு பங்கு தேவைப்படும் படத்தை முப்பதில் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். ஆனால் இந்தப் பயணத்தில் நீங்கள் எடுக்கப்போவதில் பெரும்பகுதி கல். அது அசையாது; அசைவது உங்கள் கை மட்டுமே, அதைச் சமாளிக்க லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுக் கட்டுப்பாடே போதும். ஹஸார ராமர் கோயிலின் உட்புறத்தில் மெருகேற்றிய கருங்கல் தூண்களை எஃப் 5.6இல், எட்டில் ஒரு நொடியில், கையில் பிடித்தபடியே தெளிவாக எடுக்க முடியும். அதே இடத்தில் உங்கள் குழந்தை தூணைச் சுற்றி ஓடினால் அதிர்வுக் கட்டுப்பாட்டால் ஒரு பயனும் இல்லை. அங்குதான் பெரிய அபெர்ச்சர் வேண்டியிருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி கோயிலுக்குள் இருட்டா என்பதல்ல, அந்த இருட்டில் நீங்கள் யாரை எடுக்கப்போகிறீர்கள் என்பதே.

இருட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. விருபாட்சர் கோயிலின் பின்பகுதியில் உள்ள ஓர் இருட்டறையில், சிறு துளை வழியாக நுழையும் ஒளி ராஜகோபுரத்தின் உருவைத் தலைகீழாகச் சுவரில் விழச் செய்கிறது. லென்ஸே இல்லாத கேமரா அது. குழந்தைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள்.

எதை வாங்குவது என்பதற்கு முன்பாக ஒரு வேலை செய்யுங்கள். 18-55 லென்ஸில் இதுவரை எடுத்த பயணப் படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எந்த மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அந்த விவரம் படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். 55இல் ஏராளமான படங்கள் குவிந்திருந்தால் உங்களுக்கு எட்டல் போதவில்லை. 18இல் குவிந்திருந்தால் அகலம் போதவில்லை. இரண்டுக்கும் நடுவில் பரவலாக இருந்தால், உண்மையைச் சொல்வதானால், உங்களுக்குப் புதிய ஸூம் தேவையே இல்லை. இதைச் செய்து பார்த்தவர்களில் பலர், தாங்கள் ஆசைப்பட்ட லென்ஸ் ஒன்றாகவும் தங்கள் படங்கள் கேட்கும் லென்ஸ் வேறாகவும் இருப்பதைக் கண்டு வியந்திருக்கிறார்கள்.

எட்டல் போதவில்லை என்று தெரிந்தால் நிக்கானின் 18-140 வாங்குங்கள். 490 கிராம் எடை, நாள் முழுவதும் கழுத்தில் தொங்கவிடக்கூடியது. அகலம் போதவில்லை என்றால் 16-80 உங்களுக்கானது. அது 480 கிராம், அபெர்ச்சர் 2.8இல் தொடங்கி 4இல் முடிகிறது, உங்கள் நண்பரின் கவலையையும் ஓரளவு தீர்த்துவிடும். பாதாமியின் தூண்களில் போதிகைக்கு, அதாவது உத்தரத்தைத் தாங்கும் தலைப்பகுதிக்குக் கீழே நிற்கும் ஆண்-பெண் இணைச் சிற்பங்களை எடுக்க 80 போதும். விலை கூடுதல் என்பதே அதன் ஒரே குறை. பழைய லென்ஸாக வாங்குவதானால் பின்புறமிருந்து கைபேசி விளக்கை அடித்து, உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடலோர ஊர்களிலிருந்து வருபவற்றில் அது சாதாரணம். டி5600இன் உடலில் குவிப்பு மோட்டார் கிடையாது, எனவே ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று குறிக்கப்பட்ட நிக்கான் லென்ஸாக இருக்க வேண்டும். பழைய ஏஎஃப்-டி வகையை மாட்டினால் கையால்தான் குவிக்க வேண்டியிருக்கும்.

பணம் இடம் கொடுக்கவில்லையென்றால் என் பரிந்துரை இன்னும் எளிது. இருக்கும் 18-55ஐயே மாட்டிக்கொண்டு, 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மட்டும் வாங்குங்கள். 200 கிராம்தான், சட்டைப்பையில் போகும், எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி. அதைக் கோயிலில் மாற்ற வேண்டாம். வெயில் சாய்ந்தபின் அறைக்குத் திரும்பியதும், சன்னல்களைச் சாத்திவிட்டு, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றிக்கொண்டு மாலையில் குடும்பத்துடன் வெளியே போகலாம். வழியில் லென்ஸ் மாற்ற மாட்டேன் என்ற உங்கள் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்: ஹம்பியின் புழுதி சென்சாரில் ஒட்டினால், எஃப் 11இல் எடுக்கும் ஒவ்வொரு வானத்திலும் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

முக்காலி வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் முன் அனுமதி இல்லாமல் முக்காலியை விரிக்க முடியாது; வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஃபிளாஷையும் அணைத்து வையுங்கள், நேரெதிரே அடிக்கும் ஒளி புடைப்புச் சிற்பத்தின் நிழலையெல்லாம் விழுங்கிவிட்டு அதைத் தட்டையாக்கும். இருட்டில் தூணில் தோளைச் சாய்க்காமல், கால்களைச் சற்று அகட்டி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி நின்றுகொண்டு, தொடர்பட முறையில் ஒரே மூச்சில் மூன்று படங்கள் எடுங்கள். பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும்தான் கை அதிகம் அசையும் என்பதால் நடுவில் உள்ள படம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அன்புடன்