முதல் மாரத்தான் வாழ்க்கைக்கு என்ன கற்றுக்கொடுக்கும்?

முதல் மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்து ஓடுவதில் வாழ்க்கைக்கு என்ன பாடம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். "மனசு வைத்தால் எதையும் சாதிக்கலாம்" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மனசு வைப்பதில் குறையே இல்லாதவர்கள்தான் பயிற்சியின் நடுவில் காலில் அடிபட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தெம்பு மிச்சம் இருக்கும்போதே தன்னை அடக்கி வைக்கத் தெரிவதுதான் 42.195 கிலோமீட்டர் கேட்கும் திறமை. இதைத் தத்துவமாகச் சொன்னால் யாருக்கும் உதவாது, எங்கெங்கே அடக்க வேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் இப்போது நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடக்கூடியவர், நான்கரை மணி நேரத்தில் முடித்தால் போதும் என்று நினைப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

பயிற்சிக்கு 16 முதல் 20 வாரம் வேண்டும், வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். முதல் ஆபத்து ஆறாவது வாரத்தை ஒட்டி வரும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும், மூச்சு வாங்காது, "இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்று தோன்றும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் முன்னங்கால் எலும்பு வலி, முழங்காலின் வெளிப்பக்க வலி, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துவது எல்லாம் ஆரம்பிக்கின்றன. மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள், நான்காவது வாரம் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள். நன்றாக இருக்கிறோம் என்று தோன்றினாலும் குறைக்கத்தான் வேண்டும்.

வாரத்தின் பெரும்பகுதி ஈஸி ரன். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாதியில் மூச்சுக்காக நிறுத்தினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. களைப்பு மட்டும் சேரும்.

வலியைப் பற்றி ஒன்று. நான் மருத்துவர் இல்லை, இது வைத்தியமும் இல்லை. தொடை முழுக்கப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் குறைந்தால் அது உழைத்த தசை. ஒற்றை விரலால் "இதோ இங்கே" என்று தொட்டுக் காட்ட முடிகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, நொண்ட வைக்கிற வலி, இரவில் படுத்திருக்கும்போதும் எலும்பில் தெரிகிற வலி, இவற்றில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கலாம். பத்து நாள் நிறுத்த வேண்டியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி மூன்று மாதமாக்க வேண்டாம்.

வாரம் ஒரு லாங் ரன். 12 கிலோமீட்டரில் தொடங்கி மெதுவாக 30 வரை போகலாம், ஆனால் மூன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் வேகத்துக்கு 29 கிலோமீட்டரோடு நேரம் முடிந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "முழு 42-ஐயும் ஒருமுறை ஓடிப் பார்த்தால்தான் தைரியம் வரும்" என்பவர்கள், பந்தயத்துக்கு வேண்டிய கால் தெம்பைப் பயிற்சியிலேயே செலவழித்துவிடுகிறார்கள். மிக நீளமான ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும். அதன்பிறகு டேப்பர்: வேகத்தை மாற்றாமல் தூரத்தை மட்டும் படிப்படியாகப் பாதியாக்குவது. இந்த நாட்களில் கால் கனமாகத் தெரியும், இல்லாத வலியெல்லாம் இருப்பதுபோல் தோன்றும். பயந்துபோய்க் கூடுதலாக ஓடிவிடாதீர்கள்.

பிறகு 30-வது கிலோமீட்டர். சுவரில் முட்டியதுபோல் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இங்கேதான், இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தம் குறைவு. ஓட்டத்துக்கு ஆகும் செலவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி. 65 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 2,700 ஆகிறது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். மீதி கொழுப்பிலிருந்து வர வேண்டும், வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே அதிகம் எரிக்கும். சேமிப்பு தீரும்போது கெண்டைக்கால் துடிக்கும், கை சில்லிடும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற எளிய கழித்தல் கணக்கே மண்டையில் ஓடாது.

அதனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது பிதுக்கிச் சாப்பிடும் சிறிய இனிப்புக்கூழ் பாக்கெட்டுக்கு ஜெல் என்று பெயர். ஒரு ஜெல்லில் 25 கிராம் என்று வைத்தால், 35-வது நிமிடத்தில் முதல் ஜெல், பிறகு 35 நிமிடத்துக்கு ஒன்று, நான்கரை மணி நேரத்துக்கு ஏழு. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதமாகிவிடும். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர் குடியுங்கள். இனிப்பு பானத்தோடு சேர்த்தால் வயிற்றைப் பிடிக்கும். லாங் ரன்களிலேயே இதைச் செய்து பழகுங்கள், குடலுக்கும் பயிற்சி வேண்டும்.

வேகத்துக்கு வருகிறேன். நான்கரை மணி என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. முதல் 5 கிலோமீட்டரைக் கூட்டத்தின் உற்சாகத்தில் 6 நிமிடமாக ஓடினால் கிடைக்கும் லாபம் இரண்டே நிமிடம். அதன் விளைவாகக் கடைசி 10 கிலோமீட்டர் 9 நிமிடமாகச் சரிந்தால் நஷ்டம் 26 நிமிடம். தொடக்கத்தில் 6:35-இல் போங்கள், எல்லோரும் முந்திக்கொண்டு போகட்டும். தூரம் காட்டும் ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். பாதையை மிகக் குறுகிய கோட்டில்தான் அளந்திருப்பார்கள், வளைவுகளில் நீங்கள் ஓடுவது அதைவிடக் கூடுதல். கடிகாரம் 42.195 காட்டும்போது முடிவுக் கோடு இன்னும் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும். கிலோமீட்டர் பலகையையும் மொத்த நேரத்தையும் பார்த்து ஓடுங்கள்.

தண்ணீரிலும் அடக்கம் வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது, ஓடும்போது எடை கூடியவர்களிடம் இது அதிகம். எடை கூடுகிறதென்றால் வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறார்கள், அதில் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகிறது. தாகத்துக்குக் குடியுங்கள். கோப்பையின் வாயை விரலால் அமுக்கி மூக்குபோல ஆக்கிக்கொண்டால் ஓடியபடியே சிந்தாமல், புரையேறாமல் குடிக்கலாம். தண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் முதல் மேஜையில் கூட்டம் மொய்க்கும், கடைசி மேஜைக்குப் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

நடுவில் நடப்பது கேவலம் என்று சிலர் பின்னூட்டம் போடுவார்கள், அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவேதான் ஓட்டமும் நடையும் கலந்த முறையைப் பரப்பியவர். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே திட்டமிட்டுப் போகிறவர், 32-வது கிலோமீட்டரில் வேறு வழியில்லாமல் நடப்பவரைவிட நல்ல நிலையில் முடிப்பார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அடுத்தவர் பெயரில் வாங்கிய பிப்பை, அதாவது சட்டையில் குத்தும் பந்தய எண் அட்டையை, குத்திக்கொண்டு ஓடுகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்துத்தான் பெயரையும் வீட்டு எண்ணையும் தேடும். உங்கள் சர்க்கரை, ஒவ்வாமை விவரத்துக்குப் பதில் வேறொருவருடையது வரும், நன்றாக வீட்டில் இருப்பவருடைய குடும்பத்துக்குப் போன் போகும். உங்கள் வீட்டுக்குத் தகவலே போகாது. உங்கள் சொந்த பிப்பின் பின்பக்கம் ரத்த வகையையும் தொடர்பு எண்ணையும் பேனாவால் எழுதுங்கள்.

சில்லறை விஷயங்கள்: பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும் ஷூ, இல்லையென்றால் நகம் கறுத்து விழும். பந்தயத்துக்கு முன் அதில் 80 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். பருத்திச் சட்டை வேண்டாம். அக்குள், உள்தொடை, மார்புக் காம்பு மூன்று இடத்திலும் வாஸ்லின். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள், ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம். அன்று சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பந்தயத் தேதியை நீங்கள் சொல்லவில்லை. இன்னும் 12 வாரம்கூட இல்லையென்றால் அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பதிவை மாற்றப் பல பந்தயங்களில் கடைசித் தேதி உண்டு, அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.