மட், நியோமட்: கேள்வி பதில்

மட், நியோமட் இரண்டும் டெர்மினலில் மடல் படிக்கும் நிரல்கள். அமைப்புப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டு எழுதுங்கள். ஹைஃபன் வரும் இடத்தில் தனியே சொல்கிறேன்.

கேள்வி: தமிழ் மடலைத் திறந்தால் சாய்கோடு போட்டு 340, 256, 205 என்று எண்களாக வருகிறது. சில இடங்களில் கேள்விக்குறி. மட்டுக்குத் தமிழ் தெரியாதா?

பதில்: தெரியும். அந்த மூன்று எண்களும் சேர்ந்து 'அ' என்ற ஒரே எழுத்து. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் அதற்கு மூன்று பைட். அவற்றைத்தான் ஆக்டலில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறை) பார்க்கிறீர்கள். மடல் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது, கணினியின் மொழி, எழுத்து அமைப்பான லொக்கேல்தான் சரியில்லை.

ஷெல்லில் 'லொக்கேல்' என்று அடியுங்கள். எல்சி-சிடைப் வரியில் 'சி' அல்லது 'போசிக்ஸ்' என்று இருந்தால் அதுதான் காரணம். டெபியன், உபுண்டுவில் 'டிபிகேஜி-ரீகன்ஃபிகர் லொக்கேல்ஸ்' ஓட்டி ஒரு யூடிஎஃப்-8 லொக்கேலை உருவாக்கி, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வரில் மட் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: உங்கள் கணினி தன் லொக்கேல் பெயரை சர்வருக்கு அனுப்பிவிடும். அந்தப் பெயரில் சர்வரில் லொக்கேல் இல்லையென்றால் சத்தமில்லாமல் 'சி'க்கு இறங்கிவிடும். ஆகவே உருவாக்க வேண்டியது சர்வரில்.

சரியானதா என்று பார்க்க, மட்டுக்குள் கோலன் அழுத்தி 'செட் ?சார்செட்' என்று கேளுங்கள் (சார்செட் என்றால் எழுத்துக் குறியேற்றம்). யூடிஎஃப்-8 என்று பதில் வர வேண்டும்.

தயவுசெய்து மட்ஆர்சியில் 'செட் சார்செட்' என்று கையால் எழுதாதீர்கள். எழுதினால் மட் மட்டும் யூடிஎஃப்-8 என்று நம்பும். எழுத்தின் அகலத்தைக் கணக்கிடும் சி லைப்ரரி பழைய லொக்கேலிலேயே நிற்கும். பிறகு வரி உடையும், பாதி எழுத்து தொங்கும். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்று ஆகிவிடும்.

கேள்வி: ஜிமெயில் பாஸ்வேர்டு சரியாகத்தான் கொடுக்கிறேன் சார், லாகின் ஃபெயில்ட் என்கிறது.

பதில்: தனிநபர் ஜிமெயிலில் 2022 மே 30 முதல் சாதாரண பாஸ்வேர்டு, சர்வரில் உள்ள மடலைப் படிக்கும் வழியான ஐமேப்புக்குச் செல்லாது. கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்; அதன் பிறகுதான் ஆப் பாஸ்வேர்டு எடுக்க முடியும். 16 எழுத்து, நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள்.

படிக்க போர்ட் 993. அனுப்ப இரண்டு வழி: சர்வர் முகவரி 'எஸ்எம்டிபிஎஸ்' என்று தொடங்கினால் 465, 'எஸ்எம்டிபி' என்று தொடங்கினால் 587. இதை மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. 587-இல் சர்வர் முதலில் மறையாக்கம் இல்லாமல் பேசும், பிறகுதான் டிஎல்எஸ்ஸுக்கு மாறும். அங்கே 'எஸ்எம்டிபிஎஸ்' போட்டால் எடுத்த எடுப்பிலேயே டிஎல்எஸ் எதிர்பார்த்து, 'ராங் வெர்ஷன் நம்பர்' என்று முறிந்துவிடும். அது பாஸ்வேர்டுப் பிழை இல்லை.

'ரெக்கார்ட்' அமைப்பை வெற்றாக விடுங்கள். அனுப்பிய மடலை ஜிமெயிலே சேமிக்கிறது. நீங்களும் சேமித்தால் எல்லாம் இரட்டையாகும்.

கேள்வி: அண்ணே, எனக்கும் கேள்விக்குறிதான் வருது. ஆனா டிமக்ஸுக்குள்ள மட்டும்.

பதில்: டிமக்ஸைத் (ஒரே டெர்மினலில் பல அமர்வு நடத்தும் நிரல்) தொடங்கியபோது லொக்கேல் 'சி'யாக இருந்திருக்கும் தம்பி. எல்லா அமர்வையும் மூடிவிட்டு ஹைஃபன் யூ கொடுத்துத் தொடங்குங்க. சார்செட் வரி எழுதியிருந்தா அழிச்சிடுங்க.

கேள்வி: 1999, 2000 காலத்து மடல்களை எம்பாக்ஸ் (பல மடல் ஒரே கோப்பில்) கோப்பாக வைத்திருக்கிறேன். திறந்தால் முக்கால் பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, சென்ட் குறி, கோடு போட்ட யூ என்று வருகிறது. மீட்க வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் சொன்ன நான்கு குறியும் அதே வரிசையில் வந்தால் அது 'தமிழ்' என்ற சொல். த, ம, இகரக் கொக்கி, ழ். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றம் அது. அக்காலத்தில் டிஸ்கி எழுத்துரு போட்டு எழுதி, மடலின் தலைப்பில் ஐஎஸ்ஓ-8859-1 என்றோ 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்றோ அனுப்புவார்கள். தலைப்பு சொல்வதை மட் நம்புகிறது.

முதலில் ஷெல்லில், குறியேற்றம் மாற்றும் கருவியான ஐகான்வை 'ஐகான்வ் ஹைஃபன் எல்' என்று ஓட்டி, பட்டியலில் டிஸ்கி இருக்கிறதா பாருங்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அதைத் தருகிறது. ஃபெடோராவில் ஜிலிப்சி-ஜிகான்வ்-எக்ஸ்ட்ரா என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும். மஸல் லைப்ரரி உள்ள ஆல்பைனில் கிடையாது.

இருந்தால், மடலின் மேல் நின்று கன்ட்ரோல்-ஈ அழுத்துங்கள். வரும் வரியில் டெக்ஸ்ட்/பிளெயின், அரைப்புள்ளி, சார்செட் சமம் டிஸ்கி என்று மாற்றி என்டர் தட்டித் திறங்கள். கோப்பு மாறாது, பார்வைக்கு மட்டும்தான். டிஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும். யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். அந்த இடமாற்றத்தையும் ஐகான்வ் செய்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' மடல்கள் நிறைய இருந்தால், 'சார்செட்-ஹுக்' (இங்கே ஹைஃபன்) ஒரே வரியில் அந்தப் பெயரை டிஸ்கிக்குத் திருப்பலாம். ஐஎஸ்ஓ-8859-1-ஐ மட்டும் அப்படித் திருப்பவே கூடாது. பிரெஞ்சு, ஜெர்மன் மடல் அத்தனையும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டோடு வந்த டாம், டாப் குறியேற்றங்களுக்கு இந்த வழி உதவாது. ஐகான்வில் அவை இல்லை. மடலைத் தனியே சேமித்து எழுத்துருமாற்றியில் போட்டு எடுங்கள்.

கேள்வி: தமிழ் தெரிகிறது, ஆனால் பட்டியலில் பத்திகள் கோணலாக நிற்கின்றன.

பதில்: மட்டின் அகலக் கணக்கும் டெர்மினலின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. யூனிகோடில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் அடைக்காத வகை, கால், கொம்பு போன்றவை இடம் அடைக்கும் வகை. டெர்மினல் சேர்த்து வரையும்போது இடைவெளி மிஞ்சும். எம்எல்டெர்ம், கான்சோல் இரண்டிலும் பார்த்து, ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். மட்ஆர்சியில் செய்ய ஒன்றுமில்லை.

கேள்வி: 20,000 மடல் உள்ள ஐமேப் பெட்டி திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது.

பதில்: ஒரு அடைவை உருவாக்கி, 'ஹெடர் கேஷ்' அமைப்பில் அதன் பாதையைக் கொடுங்கள். அடைவை முன்பே உருவாக்காவிட்டால் அந்தப் பெயரில் ஒரே கோப்பு உண்டாகி எல்லாப் பெட்டியும் அதில் திணியும். மடலின் உடலுக்கு 'மெசேஜ் கேஷ்டிர்'. முதல் தடவை மெதுவாகத்தான் இருக்கும்.

இன்னொருவர்: கேஷ் எல்லாம் ஒட்டுப்போடும் வேலை. எம்பிசிங்க் என்ற ஒத்திசைவு நிரலைப் போட்டு, மடலுக்கு ஒரு கோப்பு என்ற மெயில்டிர் முறையில் இறக்கிக்கொண்டால் தேடலும் நொடியில் முடியும்.

பதில்: தேடல் மெதுவாவதற்கு முக்கியக் காரணம் டில்டே-பி (மடலின் உடலில் தேடும் குறி) போட்டுத் தேடுவது. அது ஒவ்வொரு மடலாக இறக்கித் தேடும். டில்டேக்குப் பதில் சமக்குறி போட்டால் சர்வரே தேடித் தரும்.

இன்னொருவர்: நெட் போனால் சமக்குறி என்ன செய்யும்? நியோமட்டில் நாட்மச் என்ற தேடல் கருவி உள்ளேயே இருக்கிறது.

பதில்: நெட் இல்லாதபோதும் படிக்க வேண்டும் என்றால் எம்பிசிங்க்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவரிடம் 'எக்ஸ்பஞ்ச் போத்' என்ற வரியோடு அதைக் கொடுக்காதீர்கள். இங்கே அழித்தால் சர்வரிலும் போய்விடும். முதல் வாரம் 'சிங்க் புல்', 'எக்ஸ்பஞ்ச் நன்' என்று வையுங்கள். சர்வருக்கு எதுவும் ஏறாது. ஜிமெயிலின் 'ஆல் மெயில்' பெட்டியைப் பேட்டர்ன்ஸ் வரியில் விலக்குங்கள், இல்லையென்றால் வட்டில் எல்லாம் இரண்டு பிரதி. மெயில்டிர் கோப்பை 'எம்வி' கட்டளையால் வேறு பெட்டிக்கு நகர்த்தாதீர்கள். கோப்புப் பெயரில் 'யூ சமம்' என்று ஒட்டியிருக்கும் யூஐடி (மடலின் அடையாள எண்) கூடவே போய், 'டூப்ளிகேட் யூஐடி' என்று ஒத்திசைவு நின்றுவிடும். மட்டுக்குள்ளிருந்தே நகர்த்துங்கள்.

கேள்வி: ஹெச்டிஎம்எல் மடல் டேக்-களாகக் கொட்டுகிறது.

பதில்: எந்த வகையை எந்த நிரலால் காட்டுவது என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்லுக்கு டபிள்யூ3எம் என்ற டெர்மினல் உலாவியை 'ஹைஃபன் டம்ப்' உடன் கொடுத்து, வரி முடிவில் 'கோப்பியஸ்அவுட்புட்' எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் மட் அதைத் தானாகக் காட்டாது. பிறகு மட்ஆர்சியில் 'ஆட்டோ வியூ' எழுதி, பக்கத்தில் டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் கொடுங்கள்.

கேள்வி: எனக்கும் கேள்விக்குறி வருகிறது, சார்செட் வரி எழுதியும்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அந்த வரியை அழியுங்கள்.

கேள்வி: தண்டர்பேர்டில் தமிழ் எழுத்துரு மாற்றுவது எப்படி?

பதில்: என் துறை இல்லை. தண்டர்பேர்டு உதவிப் பக்கத்தில் கேளுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மட்ஆர்சியில் எழுதலாமா? கோப்பை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறேன்.

பதில்: கூடாது. பாஸ்வேர்டு வரிகளை மட்டும் தனிக் கோப்பில் எழுதி, மறையாக்கக் கருவியான ஜிபிஜியால் பூட்டுங்கள். மட்ஆர்சியில் 'சோர்ஸ்' என்று எழுதி, மேற்கோளுக்குள் 'ஜிபிஜி ஹைஃபன் டிகியூ', கோப்பின் பாதை, கடைசியில் ஒரு பைப் குறி. அந்தப் பைப் விட்டுப்போனால் கட்டளையையே கோப்புப் பெயர் என்று நினைத்துத் தேடும். ஏற்கெனவே கிட்டில் ஏற்றிய ஆப் பாஸ்வேர்டை இன்றே ரத்து செய்யுங்கள். வரியை அழித்துப் புது கமிட் போட்டாலும் பழைய கமிட்டில் அது இருக்கும்.