மகளின் குடிமையியல் புத்தகத்தை நீங்களும் படியுங்கள்

அன்புத் தங்கைக்கு,

கணவரின் வேலைக்காக வருகிற டிசம்பரில் தார் எஸ் சலாம் வருவதாகவும், ஜனவரியில் மகள் ஃபாரம் ஒன், அதாவது இங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில், சேரப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். கூடவே இப்படிக் கேட்டிருந்தீர்கள்: "நாலைந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம். தான்சானியாவின் அரசு, உரிமை, பண்பாடு, பாலினம் என்று எங்கள் பெண் எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாமே?"

கணக்கும் போடட்டும். ஆனால் அந்தக் குடிமையியல் புத்தகத்தைத் தள்ளிவைக்க விடாதீர்கள். அவள் தூங்கிய பிறகு நீங்களும் எடுத்துப் படியுங்கள். பத்தொன்பது வருடம் இங்கே குடும்பம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். 2007-ல் நாங்கள் வந்து தார் எஸ் சலாமின் உபாங்கா பகுதியில் குடியேறினோம். வீடு, கடை, கோயில், நம் ஆட்கள் வீட்டு விசேஷம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. காய்கறி வாங்கப் போகும் வழியில் பீபி தீதி முகமது சாலையை எத்தனை நூறு முறை கடந்திருப்பேனோ, அந்த அம்மையார் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 2013-ல் என் மகளின் குடிமையியல் பாடத்துக்கு உதவ உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான டாங்கன்யிகாவின் விடுதலைக்காக டானு கட்சி எழுந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்களை அதில் சேர்த்தவர் அவர். அன்று எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

பாடத்திட்டம் இப்போது மாறிவருகிறது. பாடத்தின் பெயரும் அடுக்கும் நான் சொல்வது போலவே இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்களைப் பாருங்கள், பயம் பாதி போய்விடும். அரசாங்கத்துக்குச் சுவாஹிலியில் 'செரிகாலி' என்று பெயர். நம் தாத்தாக்கள் சொன்ன 'சர்க்கார்'தான் அது, இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை. குடிமகனுக்கு 'ரயீயா'. ரயத்துவாரி என்று பள்ளியில் படித்தோமே, அந்த ரயத்தும் இதுவும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. அந்த ரயீயாவின் முன்னால் ஓர் 'உ' சேர்ந்தால் 'உரயீயா', அதாவது குடியுரிமை. பள்ளிகளில் குடிமைப் பாடத்துக்கும் இதையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

அரசு பற்றிய பாடத்தில் ஜனாதிபதி, நாடாளுமன்றம் எல்லாம் வரும். 1964-ல் டாங்கன்யிகாவும் சான்சிபார் தீவுகளும் இணைந்து தான்சானியா ஆன கதையும், சான்சிபாருக்குத் தனி ஜனாதிபதியும் தனி அவையும் இருக்கும் ஏற்பாடும் வரும். அதையெல்லாம் அவள் படித்துக்கொள்வாள். நீங்கள் நின்று படிக்க வேண்டியது கீழ்த்தட்டைப் பற்றிய பக்கங்களை. நகரத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'ம்தா' என்றொரு தெரு நிர்வாகம் உண்டு, அதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரும் உண்டு. இந்த முகவரியில்தான் குடியிருக்கிறீர்கள் என்று கடிதம் வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். நான் முதல்முறை போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும். நுழைந்ததும் நுழையாததுமாகக் காகிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரம்மா என் முழங்கையைத் தொட்டு, "ஷிக்கமோ சொல்" என்றார். சொன்னேன். "மரஹபா" என்று முகம் மலர்ந்து, நாற்காலி காட்டி, பிள்ளைகள் சுகமா, வீடு சுகமா என்று கேட்டு முடித்த பிறகுதான் காகிதத்துக்குக் கை நீட்டினார். 'உங்கள் கால்களைப் பற்றுகிறேன்' என்பது அந்த வணக்கத்தின் மூலப் பொருள் என்பார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயதில் மூத்த யாரைக் கண்டாலும், காவலாளியாக இருந்தாலும், மகள் இதைச் சொல்லப் பழகட்டும்.

பண்பாட்டுப் பாடத்தைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாடு இது. 1967-க்குப் பிறகு எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 'நீ என்ன இனம்' என்ற கேள்வியே கிடையாது. மக்கள் 'முவாலிமு', அதாவது ஆசிரியர், என்று இன்றும் அழைக்கும் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரெரே, சுவாஹிலியையும் பள்ளிக்கூடத்தையும் வைத்து எல்லோரையும் ஒரு நாட்டு மக்களாக்கப் பாடுபட்டார். பிள்ளைகளைச் சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் உள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். சாதிச் சான்றிதழோடு வளர்ந்த எனக்கு, ஓர் அரசாங்கம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே இருக்க முடியும் என்பது பெரிய செய்தியாக இருந்தது. ஆனால் அதற்காக வேறுபாடுகள் மறைந்துவிடவில்லை. மொரொகோரோ பக்கத்து லுகுரு மக்களிடம் குலமும் நிலமும் தாய் வழியாக வரும். வடக்கே பல சமூகங்களில் தந்தை வழிதான்.

இந்தப் பாடத்தில் வரும் 'மஹரி'யால் எங்கள் வீட்டில் ஒரு நாள் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பதுதான் மஹரி. பணமாக இருக்கலாம், மாடாக இருக்கலாம். அது பெண்ணைக் கௌரவிப்பதா, விலை பேசுவதா என்று வகுப்பில் விவாதம் நடந்திருக்கிறது. "உங்கள் நாட்டில் எப்படி?" என்று ஆசிரியர் என் மகளைக் கேட்டிருக்கிறார். பெண் வீட்டார்தான் கொடுப்பார்கள் என்று அவள் சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிட்டதாம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "உன் அப்பா அம்மா உன்னையும் கொடுத்து, மேலே பணமும் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டாளாம். அன்று இரவு மகள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" முப்பது பவுன் என்று சொன்னேன். வரதட்சணை 1961-லிருந்தே நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். டாங்கன்யிகா விடுதலை பெற்றதும் 1961 டிசம்பரில்தான், அந்த ஆண்டு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் அப்பா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்தப் பேச்சை எங்கள் வீட்டில் தொடங்கிவைத்தது இந்த நாட்டுப் பாடப் புத்தகம்தான். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாலினம் பற்றிய பகுதியையும் வெறும் பரீட்சைக்காகப் படிக்க விடாதீர்கள். நாடாளுமன்றத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பெண்களுக்குச் சிறப்பு இடங்கள் உண்டு. 2021 மார்ச்சிலிருந்து நாட்டின் ஜனாதிபதியே ஒரு பெண், சாமியா சுலுஹு ஹசன். இதே நாட்டின் 1971-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமோ, பெற்றோர் சம்மதித்தால் 15 வயதுப் பெண்ணை மணம் முடிக்கலாம் என்றது. ரெபேக்கா கியூமி என்ற இளம் பெண் அதை எதிர்த்து வழக்குப் போட்டு 2016-ல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசு மேல்முறையீடு செய்தும் 2019-ல் அதே தீர்ப்பு நிலைத்தது. உங்கள் மகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது என் வீட்டுச் சமையலறைக் கதை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை இங்கே 'டாடா' என்பார்கள், அக்கா என்று பொருள். 2016-ல் டொடோமா பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களிடம் ஒரு பெண் வந்தாள். பதினேழு வயது. மறு வருடம் ஒரு நாள் மாலை என் மகன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பெண் குழந்தைகள் பள்ளியிலிருந்து நிற்பதற்கான காரணங்களைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வறுமை, தொலைவு, இளவயதுத் திருமணம் என்று அவன் வாசித்து முடித்ததும், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "கர்ப்பமானால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதையும் எழுதிக்கொள்" என்றாள். ஃபாரம் டூ படிக்கும்போது அவளுக்கு நடந்தது அது. குழந்தை பாட்டியிடம் கிராமத்தில் இருந்தது. ஒரு வருடமாக என் வீட்டில் சமைத்த பெண்ணைப் பற்றி எனக்கு இது தெரியாது. மகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு எழுத்தில் ஒப்பந்தம், வாரம் ஒரு நாள் விடுப்பு எல்லாம் கொடுத்தேன். முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியவை அவை. 2021 நவம்பரில், பிள்ளை பெற்ற மாணவிகள் திரும்பவும் பள்ளிக்கு வரலாம் என்று அரசு அறிவித்தது. அப்போது அவள் ஊரில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். அன்றே கைபேசியில் ஒரு வரி அனுப்பிக் கேட்டாள்: "வயது வரம்பு உண்டா, மாமா?" இங்கே மாமா என்றால் அம்மா.

உங்களுக்கும் வீட்டு வேலைக்கு ஆள் தேவைப்படும். வயதைக் கேளுங்கள், எது வரை படித்தாள் என்று கேளுங்கள்.

ஜனநாயகம், மனித உரிமை பற்றிய பாடங்களில் உங்கள் மகள் சங்கடமான கேள்விகள் கேட்பாள். 1977-ல் எழுதிய அரசமைப்பில் உரிமைகளின் பட்டியல் 1984-ல்தான் சேர்ந்தது. பல கட்சி முறை 1992-ல் வந்தது. ஜனாதிபதித் தேர்தல் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க அந்த அரசமைப்பு இடம் தருவதில்லை. 2025 அக்டோபர் 29 தேர்தல் நாளன்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். நகரில் ஊரடங்கு வந்தது, இணையம் துண்டிக்கப்பட்டது, உயிர்கள் போயின. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். நமக்கு இங்கே ஓட்டு இல்லை. கூட்டங்களுக்குப் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள், பொது இடத்தில் கட்சி பேசாதீர்கள். ஆனால் வீட்டுக்குள் மகள் கேட்டால், புத்தகத்தில் இருப்பதும் தெருவில் நடந்ததும் ஒன்றாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். என் பிள்ளைகளின் தோழர்கள் அந்த வித்தியாசத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பள்ளிக்குத் துடைப்பம் கொண்டுவரச் சொன்னால் பதறாதீர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து வளாகத்தைக் கூட்டுவது இங்கே படிப்பில் சேர்த்தி. மாலை ஆறு மணிக்குக் காவல் நிலையத்தருகே விசில் கேட்டால் நடப்பதை நிறுத்தி அப்படியே நில்லுங்கள், கொடி இறக்குகிறார்கள். 'மூன்று மணிக்கு வா' என்று சுவாஹிலியில் சொன்னால் காலை ஒன்பது மணி என்று கொள்ளுங்கள். நம் பழைய நாழிகை போல, அவர்கள் கணக்கும் விடியலிலிருந்துதான் தொடங்குகிறது.

வந்து இறங்கியதும் சொல்லுங்கள். தெரு அலுவலகத்துக்கு முதல் தடவை நான் கூட வருகிறேன்.