கடலோரத்தில் முதல் ட்ரோன்: எங்கிருந்து தொடங்குவது?

ராமநாதபுரம் கடலோரத்தில் முதல் கேமரா ட்ரோன் பறக்கவிட என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குவதற்கு முன்பே, எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைத் திறந்து உங்கள் ஊர் எந்த நிற மண்டலம் என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் இலங்கை எல்லை. இங்கே இதை அலட்சியமாக எடுக்கவே கூடாது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். 250 கிராமுக்கு மேற்படாத நானோ வகைக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. பழக அதுவே போதும்.

அப்புறம் காற்று. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சின்ன ட்ரோன் கடல் பக்கம் சுகமாகப் போய்விடும். திரும்பும்போதுதான் எதிர்க்காற்றில் பேட்டரி மளமளவென்று இறங்கும். அதனால் போகும்போதே காற்றை எதிர்த்துப் போங்கள், பாதி சார்ஜில் திருப்பிவிடுங்கள். முதல் சில வாரம் தண்ணீருக்கு மேல் வேண்டாம், கண்மாய்க்கரைப் பொட்டலே நல்லது.

மணலிலிருந்து நேராகக் கிளப்பாதீர்கள். விசிறி கிளப்பும் பொடிமணல் மோட்டாருக்குள்ளும் கேமராவைத் தாங்கும் கிம்பலிலும் புகுந்துவிடும். ஒரு ஓலைப்பாயை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, அதன் மேல் வையுங்கள். மீன் இறங்கும் இடத்தில் பருந்துகள் வட்டமிட்டால், அன்றைக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.