தொலையளவி இருக்கும்போது டேட்டா லாகர் எதற்கு?

தொலையளவி, அதாவது அளவுகளைத் தொலைவுக்கு அனுப்பும் கருவி, ஆற்று நீர்மட்டத்தையும் மழையளவையும் சிம் வழியாக உடனுக்குடன் சர்வருக்கு அனுப்பும்போது, அவற்றைப் பதிந்துவைக்கும் லாகர் களத்தில் தனியாக எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

மழை கொட்டும் இரவில்தான் பெரும்பாலும் சிக்னல் அறுந்துபோகும். நமக்கு முக்கியமாகத் தேவைப்படும் அளவீடும் அந்த இரவுடையதுதான். லாகர் ஒவ்வொரு அளவையும் தேதி, நேரத்தோடு தன் நினைவகத்தில் எழுதிவைத்து, இணைப்பு திரும்பியதும் விடுபட்டதை அனுப்பிவிடும். இந்த வசதி இல்லாத கருவியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

மின்சாரமும் ஒரு காரணம். அளவெடுக்க ஆவது பொதுவாகச் சொற்பம், அளவை அனுப்பும் மோடம்தான் பேட்டரியைத் தின்னும். அதனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மணிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். எச்சரிக்கை அளவைத் தாண்டினால் மட்டும் உடனே அனுப்பட்டும்.

சென்சார் வாங்கும்போது, அளவை மின்னோட்டமாகச் சொல்லும் 4–20 மில்லி ஆம்பியர் வகையைப் பாருங்கள். நீர்மட்டம் பூஜ்ஜியம் என்றாலும் அதில் 4 மில்லி ஆம்பியர் ஓடும். மின்னோட்டமே 0 என்றால் கம்பி அறுந்திருக்கலாம். ஆறு வற்றிவிட்டது என்று ஏமாற மாட்டீர்கள்.

பம்பு, மதகு இயக்குவதை மட்டும் சர்வரை நம்பி விடாதீர்கள். எப்போது இயங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற விதியை லாகரிலேயே எழுதிவையுங்கள். இணைப்பு அறுந்தாலும் பம்பு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும்.